கூடிக் காணும் மரபும் நேரலைக் காலமும்

மனிதன் தனித்து உண்ணலாம், தனித்து உறங்கலாம், ஆயின் அரியதொரு காட்சியைத் தனித்துக் காண்பதிலே அவன் நிறைவெய்துவதில்லை. தான் கண்டதைப் பக்கத்திலிருப்பவரும் கண்டாரோ என்று திரும்பிப் பார்ப்பது அவனது இயல்பு. தேர் அசையும்பொழுது கோயில் வீதியிலே எழும் அரோகரா ஒலியும், விளையாட்டு மைதானத்திலே எழும் ஆரவாரமும் இவ்வியல்பின் வெளிப்பாடுகளேயாம். இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியிலே இணையவழி நேரலையும் சமூக ஊடகங்களும் இப்பழைய இயல்புக்குப் புதியதோர் உருவம் அளித்துள்ளன. இம்மாற்றத்தை நோக்கி, மக்கள் கூடியிருந்து காணும் வழக்கம் அழிந்தொழிந்தது என்று இரங்குவார் ஒரு சாரார். உலகம் முழுவதும் ஒரே அரங்காகிவிட்டது என்று மகிழ்வார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் ஒவ்வொரு பாதி உண்மையையே கொண்டுள்ளன. முழு உண்மையை அறிதற்கு இவ்வழக்கத்தின் வரலாற்றைச் சிறிது பின்னோக்கி ஆராய்தல் வேண்டும்.

கூடிக் காண்டல் என்பதிலே மூன்று கூறுகள் அடங்கியுள்ளன. காண்போர் யாவரும் ஓரிடத்திலே இருத்தல் ஒன்று. ஒரே வேளையிலே காணுதல் மற்றொன்று. காண்போர் ஒருவரையொருவர் காணுதல் மூன்றாவது. முதலிரண்டும் எளிதிற் புலப்படுவன. மூன்றாவதோ பெரும்பாலும் கவனிக்கப்படாதது. ஆயினும் அதுவே ஏனையிரண்டுக்கும் உயிர்போன்றது. பண்டைக் காலத்திலே இம்மூன்றும் பிரிக்கவொண்ணாதவாறு பிணைந்திருந்தன. அப்பிணைப்பு ஒவ்வொன்றாக அவிழ்ந்ததும், அவிழ்ந்தவற்றுட் சில மீண்டும் முடியப்பெற்றதுமே கூடிக் காண்டலின் வரலாறு எனலாம்.

மட்டக்களப்பின் நாட்டுக்கூத்து இதற்குத் தக்க சான்றாகும். அக்கூத்து வட்டக்களரியிலே ஆடப்படுவது. களரியைச் சூழ எல்லாப் பக்கங்களிலும் மக்கள் அமர்வர். ஆடுவோரை நோக்கும் ஒருவர் கண்ணுக்கு, அவர்க்கு அப்பால் எதிர்ப்புறத்தே இருப்போரின் முகங்களும் புலனாகும். அரசன் வரவுக்கு அவர்கள் நிமிர்ந்திருப்பதும், பிரிவுக் காட்சியிலே கண் கலங்குவதும் கூத்தின் ஒரு பகுதியாகவே அவரைச் சென்றடையும். உள்ளத்தே தோன்றும் உணர்ச்சி உடலின்கண் வெளிப்பட்டுப் பிறர்க்குப் புலனாதலை மெய்ப்பாடு என்றனர் பழந்தமிழர். தொல்காப்பியம் அதற்கென ஓர் இயலையே வகுத்து, மெய்ப்பாடுகள் எட்டு எனக் கூறுகின்றது. வட்டக்களரியிலே ஆடுவோரின் மெய்ப்பாடு மட்டுமன்று, காண்போரின் மெய்ப்பாடும் காட்சியாகும்.

இந்த மூன்றாவது கூறே முதலிலே தளர்ந்தது. 1876 ஆம் ஆண்டு ஜெர்மனியின் பைரொயித் நகரிலே இசை நாடக ஆசிரியர் ரிச்சர்ட் வாக்னர் தாம் அமைத்த அரங்கிலே, ஆட்டம் நிகழும்பொழுது மக்கள் அமரும் பகுதியை இருளாக்கினார். அதுவரை ஐரோப்பிய அரங்குகளிலே விளக்குகள் எரிந்தவண்ணமிருக்க, வந்தோர் ஒருவரையொருவர் பார்த்தும் உரையாடியும் இருப்பதே பெருவழக்கு. இருளோ எல்லார் கண்ணையும் மேடை ஒன்றிலேயே நிறுத்தியது. கலையின் மீது கவனம் பெருகியது. அயலிலிருப்போர் முகம் மறைந்தது. இலங்கையிலும் இதனையொத்ததொரு மாற்றம் நிகழ்ந்தது. 1960களிலே பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் வட்டக்களரிக் கூத்தைப் படச்சட்ட மேடைக்கு உரியதாகச் செப்பனிட்டு, விடியுமட்டும் ஆடப்பெற்றதைச் சில நாழிகைக்குள் அடக்கினார்கள். அருகிவந்த ஒரு கலையைக் கற்றோர் மதிக்கச் செய்த அப்பெருமுயற்சி என்றும் போற்றற்குரியது. எனினும், வட்டமாயிருந்தோர் வரிசையாயினர் என்பதும், முகம் நோக்கியிருந்தோர் முதுகு நோக்கினர் என்பதும் வரலாற்று உண்மைகளே.

திரைப்படத்தின் தோற்றமும் ஈண்டு நினைவுகூரற்பாலது. 1894 ஏப்பிரல் 14 ஆம் திகதி நியூயோர்க் நகரிலே எடிசனின் அசையும் படக்கருவிகள் பத்து மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அக்கருவி ஒரு மரப்பெட்டி. அதன் மேலுள்ள துளையிலே கண்ணை வைத்து ஒரு வேளைக்கு ஒருவரே படம் பார்த்தல் கூடும். மறு ஆண்டு, 1895 டிசம்பர் 28 ஆம் திகதி, பாரிஸ் நகரத்து உணவகமொன்றின் நிலவறையிலே லூமியேர் சகோதரர்கள் படத்தைத் திரையிலே வீழ்த்திக் காட்டினர். கட்டணம் செலுத்தி அன்று வந்தவர் முப்பத்து மூவர் என்பர். பெட்டியும் திரையும் போட்டியிட்டன; திரையே வென்றது. மக்கள் தனியே குனிந்து பார்ப்பதிலும் ஒருங்கிருந்து நிமிர்ந்து பார்ப்பதையே விரும்பினர். கையடக்கத் தொலைபேசியிலே தலைகுனிந்து படம் பார்க்கும் தற்கால வழக்கம் முற்றிலும் புதியதன்று என்பதும், எடிசனின் பெட்டியே நூறாண்டுக்குப் பின் உருவிற் சிறுத்து மீண்டது என்பதும் இதனாற் பெறப்படும்.

இரண்டாவதாகத் தளர்ந்தது இடத்தின் ஒருமை. அதனைத் தளர்த்தியது தொலைக்காட்சி. 1953 யூன் 2 ஆம் திகதி இலண்டனிலே நிகழ்ந்த இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவைப் பிரித்தானியாவிலே ஏறக்குறைய இரண்டு கோடி மக்கள் தொலைக்காட்சியிற் கண்டனர். அவர்களுள் 78 இலட்சம் பேர் தத்தம் இல்லத்திலும், 1 கோடியே 4 இலட்சம் பேர் பிறர் இல்லங்களிலும், 15 இலட்சம் பேர் திரையரங்கு முதலிய பொதுவிடங்களிலும் இருந்து கண்டனர் என்பது பி.பி.சி. நிறுவனத்தார் கணக்கு. தம் வீட்டிற் கண்டோரிலும் அயலார் வீட்டிற் கண்டோரே மிகுதி என்பது நோக்கற்பாலது. கருவி அருமையாயிருந்தமையால் மக்கள் அதனைச் சூழ்ந்து கூடினர். கருவியின் வறுமையே கூட்டத்தின் செழுமைக்குக் காரணமாயிற்று.

1969 யூலையிலே மனிதன் சந்திரனிற் கால் பதித்த காட்சியை உலகிலே ஏறக்குறைய அறுபது கோடி மக்கள் கண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அக்காலத்தே தொலைக்காட்சி நிலையமில்லாத இலங்கையிலே மக்கள் அச்செய்தியை வானொலியாலும் பத்திரிகையாலுமே அறிந்தனர். இந்நாட்டிலே சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்பிரலிலும், ரூபவாகினி 1982 பெப்ரவரியிலும் ஒளிபரப்பைத் தொடங்கின. ஊருக்கு ஒன்றிரண்டு பெட்டிகளே இருந்த அந்நாளிலே, பெட்டியுள்ள வீட்டின் விறாந்தையிலே பாய் விரித்து அயலவர் யாவரும் அமர்ந்தனர். போர்க்காலத்து யாழ்ப்பாணத்திலே, மின்சாரமின்றி இருந்த ஆண்டுகளிலே, மின்பிறப்பாக்கியையும் ஒளிப்பதிவுக் கருவியையும் வாடகைக்கு எடுத்து இரவு முழுவதும் படம் காட்டுவதும், அதற்கு ஒழுங்கை முழுவதும் திரள்வதும் வழக்கமாயிருந்தன. பிரித்தானியாவின் 1953 ஆம் ஆண்டு அனுபவமே வேறொரு காரணத்தால் இங்கு மீள நிகழ்ந்தது எனலாம். 1996 மார்ச் 17 ஆம் திகதி லாகூரிலே இலங்கை அணி துடுப்பாட்ட உலகக் கிண்ணத்தை வென்றபொழுதும், நாட்டின் பல பகுதிகளிலே மக்கள் பெட்டியுள்ள வீடுகளிலும் கடைவாசல்களிலும் கூடிநின்றே அதனைக் கண்டனர். பெட்டி வீட்டுக்கு ஒன்றாகிப் பின் அறைக்கு ஒன்றானபொழுது அக்கூட்டங்கள் தாமாகவே கலைந்தன.

மூன்றாவதாகக் காலத்தின் ஒருமை தளர்ந்தது. ஒளிப்பதிவு நாடா வந்தபின், ஒரு நிகழ்ச்சியை விரும்பியபொழுது காணுதல் இயல்வதாயிற்று. 2005 ஆம் ஆண்டு தோன்றிய யூடியூப் தளம் அதனை எல்லையற்றதாக்கியது. எவரும் எதனையும் எவ்வேளையிலும் தனியே காணலாம் என்ற நிலை பிறந்தது. இடமும் காலமும் முகமும் ஆகிய மூன்றும் இழந்து, காண்டல் முற்றிலும் தனிமனிதன் செயலாகிவிடும் என்றே அக்காலத்துப் பலர் எண்ணினர்.

ஆயின் வரலாறு அவ்வழியே செல்லவில்லை. 2012 ஒக்டோபர் 14 ஆம் திகதி பீலிக்ஸ் பாம்காட்னர் என்பார் வளிமண்டலத்தின் மேலடுக்கிலிருந்து குதித்த காட்சியை யூடியூப் நேரலையிலே ஏறக்குறைய எண்பது இலட்சம் பேர் ஒரே வேளையிற் பார்த்தனர். 2023 ஓகஸ்ட் 23 ஆம் திகதி மாலை 6 மணி 4 நிமிடத்திலே சந்திரயான்-3 கலம் சந்திரனின் தென்துருவப் பகுதியை அண்மி இறங்கியபொழுதும், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் நேரலையிலே எண்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒருங்கிருந்தனர். அதே ஆண்டு நவம்பர் 19 ஆம் திகதி அகமதாபாத்திலே நடைபெற்ற உலகக் கிண்ணத் துடுப்பாட்ட இறுதிப் போட்டியை ஹொட்ஸ்டார் தளத்திலே ஒரே வேளையிற் கண்டோர் தொகை உச்சநிலையிலே 5 கோடியே 90 இலட்சம். இஃது இலங்கையின் மொத்த மக்கட்டொகையின் இரு மடங்குக்கும் மேலானது. விரும்பியபொழுது காணும் வசதி கையிலிருக்கவும், இத்துணை மக்கள் ஒரே கணத்திற்காகக் காத்திருந்தனர். இழந்துவிட்டதாக எண்ணப்பட்ட கால ஒருமையை அவர்கள் தாமே தேடிப் பெற்றனர் என்க.

எனினும் இவ்வொருமை முழுமையானதன்று. இணையவழி நேரலையிலே காட்சி சில விநாடி நீளமுள்ள சிறு துண்டுகளாக அரியப்பட்டு அனுப்பப்படுகின்றது. பெறும் கருவி இடையிலே தடைப்படாதிருத்தற்பொருட்டுச் சில துண்டுகளை முன்னரே சேர்த்து வைத்துக்கொண்டு பின்னரே காட்டுகின்றது. இதனால், வான்வழி ஒளிபரப்பைக் காண்பவருக்கும் நேரலையைக் காண்பவருக்கும் இடையே பல விநாடிகள் வேறுபாடு உண்டாகின்றது. பந்துவீச்சாளர் ஓடத் தொடங்குவதை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்பொழுதே, விக்கெட் வீழ்ந்துவிட்டது என்ற ஆரவாரம் அயல் வீட்டிலிருந்து எழுவதும், நண்பர் விடுத்த செய்தி திரையின் மேலே தோன்றுவதும் நாடோறும் நிகழ்வன. மைதானத்திலே ஒலியும் ஒளியும் ஒருங்கே வந்தன. வீட்டிலோ மகிழ்ச்சியின் ஒலி அதன் காரணத்தை முந்திக்கொண்டு வருகின்றது.

இனி, காண்போர் ஒருவரையொருவர் காணுதலாகிய மூன்றாவது கூறு சமூக ஊடகங்களால் எவ்வாறு மீண்டது என்பது ஆராயத்தக்கது. 2006 டிசம்பரிலே யப்பானிலே தோன்றிய நிக்கோநிக்கோ என்னும் தளம் இதிலே ஒரு முன்னோடி. அத்தளத்திலே பார்ப்போர் எழுதும் குறிப்புக்கள் படத்தின் மேலேயே வலமிருந்து இடமாக ஓடும். ஒருவர் ஒரு காட்சியின் எக்கணத்திலே சிரித்து எழுதினாரோ, பின்னர் பார்ப்போருக்கும் அக்கணத்திலேயே அக்குறிப்புத் தோன்றும். திங்களன்று பார்த்தவரும் வெள்ளியன்று பார்த்தவரும் ஒருங்கிருந்து சிரிப்பது போன்றதொரு தோற்றம் இதனால் உண்டாயிற்று. யப்பானிலேயே 2013 ஓகஸ்ட்டிலே, மியாசாகியின் 1986 ஆம் ஆண்டுத் திரைப்படமொன்று தொலைக்காட்சியிலே மீண்டும் காட்டப்பட்டபொழுது, அதன் முடிவிலே கதைமாந்தர் உச்சரிக்கும் மந்திரச் சொல்லை மக்களும் அதே கணத்திலே டுவிட்டரில் எழுதினர். ஒரு விநாடியிலே 1,43,199 செய்திகள் பதிவாகின. அக்காலத்தே அத்தளத்தின் வழக்கமான அளவு விநாடிக்கு 5,700 மட்டுமே. அத்திரைப்படம் புதியதன்று, அதனைப் பலரும் பன்முறை பார்த்தே இருந்தனர். அவர்களைக் கூட்டியது கதையறியும் ஆவலன்று. யாவரும் ஒருங்கே ஒரு சொல்லைச் சொல்லும் இன்பமேயாம். திருவிழாவிலே அரோகரா என்று எழும் ஒலியின் இயல்பும் அதுவே.

ஆயினும், மீண்டு வந்தது முகமன்று, முகத்தின் குறியீடே. 2016 பெப்ரவரியிலே முகநூல் நிறுவனத்தார் விருப்பக் குறியோடு வேறு ஐந்து உணர்ச்சிக் குறிகளையும் சேர்த்தனர். அன்பு, சிரிப்பு, வியப்பு, துயரம், சினம் என்பன அவை. இவற்றைத் தொல்காப்பியத்து மெய்ப்பாடுகளோடு ஒப்புநோக்கின், உவகையும் நகையும் மருட்கையும் அழுகையும் வெகுளியும் ஒருவாறு பொருந்துவதைக் காணலாம். அச்சமும் இளிவரலும் பெருமிதமும் அங்கே இடம்பெறவில்லை. 2020 இலே பரிவைக் குறிக்கும் குறியொன்று பின்னர் சேர்க்கப்பட்டது. குறிகளின் தொகை சிறிதென்பது பெருங் குறையன்று. மெய்ப்பாடு தன்னை மீறி உடலிலே தோன்றுவது. குறியோ எண்ணித் தெரிந்து விரலால் இடப்படுவது. கண்ணீர் மறைத்தற்கு அரியது. அழும் குறியை அழாதவரும் இடலாம். இவ்வேறுபாடே புதிய அரங்குக்கும் பழைய களரிக்கும் உள்ள பெரிய வேறுபாடாகும்.

இதன் பொருள் இன்னதென்பது ஈழத்தமிழர் வாழ்வை நோக்கின் நன்கு விளங்கும். 1983 ஆம் ஆண்டின் பின் பெருந்தொகையான குடும்பங்கள் கனடா, பிரித்தானியா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா எனச் சிதறின. ஊரிலே தாயோ தந்தையோ காலமானபொழுது, வரமுடியாத பிள்ளைகள் பல நாள் கழித்துத் தபாலிலே வந்த ஒளிப்படங்களையும், பிற்காலத்தே ஒளிப்பதிவு நாடாக்களையும் பார்த்து ஆறுதல் கொண்டனர். பின்னர் மரணச் சடங்கை நேரலையாகக் காட்டும் வழக்கம் பரவியது. கொரோனாத் தொற்று நிலவிய 2020, 2021 ஆம் ஆண்டுகளிலே, சடங்கிற் கலந்துகொள்வோர் தொகை கட்டுப்படுத்தப்பட்டமையால், அது தவிர்க்கவொண்ணாததாயிற்று. யாழ்ப்பாணத்திலே பிற்பகல் மூன்று மணிக்குப் பூதவுடல் வீட்டினின்றும் எடுக்கப்படும்பொழுது, மாரிகாலத்து ரொறன்ரோவிலே அதிகாலை நான்கரை மணி. அவ்விருளிலே தனியறையொன்றிலே விழித்திருந்து அதனைக் காணும் மகனுக்கு, அக்கணத்தை இழக்கவில்லை என்ற பேறு கிடைக்கின்றது. இதனைச் சிறியதென்று எவரும் ஒதுக்கலாகாது. ஆயின் செத்தவீட்டு முற்றத்திலே ஒப்பாரி வைக்கும் மகளிர் ஒருவர் தோளை ஒருவர் பற்றியே அழுவர். சொல் அறியாதார்க்கும் அங்கே தோள் உண்டு. திரையின் முன்னிருப்பவர்க்கு அனுதாபச் செய்திகள் நூறு வரலாம், தோள் வருவதில்லை. நேரலை அவரைச் சாட்சியாக்கிற்று. கூட்டத்தில் ஒருவராக்க அதனால் இயலவில்லை.

சாட்சியாதல் என்பதும் பொறுப்பற்ற நிலையன்று. ஓரிடத்திலே கூடியிருந்து காண்போர், தீங்கு நிகழின் தடுப்பர். இயலாவிடின் கூவி அழைப்பர். 2019 மார்ச் 15 ஆம் திகதி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரிலே பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோரைச் சுட்டுக் கொன்ற கொடியவன் தன் செயலை முகநூலிலே நேரலையாகக் காட்டினான். ஐம்பத்தொருவர் உயிரிழந்தனர். நேரலை நிகழ்ந்த பதினேழு நிமிடங்களிலே அதனைக் கண்டோர் இருநூற்றுக்கும் குறைவானவர். அவர்களுள் ஒருவரேனும் அவ்வேளையிலே நிறுவனத்துக்கு முறையிடவில்லை. முதல் முறைப்பாடு நேரலை முடிந்து பன்னிரண்டு நிமிடங்களின் பின்னரே கிடைத்தது என்று அந்நிறுவனமே அறிவித்தது. அடுத்த இருபத்துநான்கு மணி நேரத்திலே அக்காட்சியின் பதினைந்து இலட்சம் பிரதிகளை அந்நிறுவனம் நீக்க நேர்ந்தது. கண்டோர் தொகை ஓர் அவைக்குப் போதியது. ஆயின் அவை என்னும் உணர்வு அங்கே இருக்கவில்லை. பிறர் முகம் காணாத இடத்திலே, பிறர் தம்மைக் காண்கின்றனர் என்னும் நாணமும் இல்லையாகும்.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 2022 ஆம் ஆண்டு இலங்கையிலே பொருளாதார நெருக்கடி முற்றியபொழுது, காலிமுகத்திடலிலே திரண்ட மக்கள் அங்கு நிகழ்ந்தவற்றைத் தம் தொலைபேசிகளாலேயே நேரலையாகக் காட்டினர். யூலை 9 ஆம் திகதி ஜனாதிபதி மாளிகையினுள் மக்கள் புகுந்த காட்சியையும் உலகம் அவ்வாறே கண்டது. நேரலையைக் கண்டோர் பலர் பின்னர் திடலுக்கே சென்றனர். திடலிலிருந்தோர் தம்மை நாடு நோக்குகின்றது என்பதை அறிந்தே இருந்தனர். அங்கே திரை கூட்டத்தின் இடத்தைக் கவரவில்லை, கூட்டத்துக்கு வாயிலாயிற்று. சந்திரயான் இறங்கிய மாலையிலும் இந்தியாவின் பாடசாலைகள் பலவற்றிலே மாணவர்களை மண்டபத்திலே இருத்தி நேரலையைப் பெருந்திரையிலே காட்டினர். அவ்வொளிபரப்பைத் தனியே தத்தம் கையிற் காண வசதியிருந்தும், கூடியிருந்து காணுமாறு ஆசிரியர்கள் ஏற்பாடு செய்தனர். எடிசனின் பெட்டியை விடுத்து லூமியேரின் திரையைத் தெரிந்த அறிவே அது.

இதுகாறுங் கூறியவற்றால், நேரலையும் சமூக ஊடகமும் கூடிக் காண்டலை அழித்தன என்பதும், அதனை நிறைவாக்கின என்பதும் ஒருங்கே பொருந்தா என்பது தெளிவாகும். இருள் முகத்தை மறைத்தது. தொலைக்காட்சி இடத்தைப் பிரித்தது. பதிவு காலத்தைப் பிரித்தது. நேரலை காலத்தைப் பெரும்பாலும் மீட்டுத் தந்தது. சமூக ஊடகம் முகத்தின் குறியை மீட்டுத் தந்தது. எஞ்சி நிற்பது அயலிலிருப்பவர்க்கு ஆற்றும் கடமை. அதனை எக்கருவியும் தானாகக் கொணர்தல் இயலாது. பெட்டியுள்ள வீட்டார் விறாந்தையிலே பாயை விரித்தமையாலேயே அக்காலத்திலும் அது வந்தது. விரிப்பதற்குப் பாயும், அழைப்பதற்கு அயலாரும் இன்றும் உளர்.